ட்ரோனைப் பார்த்துக் கை காட்டுங்க

நளினி ட்ரோனை மேலே ஏற்றினாள் என்றால் முதல் காரியம் கத்துவதுதான். "எல்லாரும் மேல பாருங்க! கை காட்டுங்க! ஹாத் உட்டாவ் பையா, ஹாத் உட்டாவ்!" போர்ட் பிளேரில் தமிழ்க் கல்யாணமோ, பெங்காலிக் கல்யாணமோ, தெலுங்குக் கல்யாணமோ, எல்லாவற்றுக்கும் இதே கத்தல்தான். கையைத் தூக்கினால் முகம் தானாக மேலே வரும், கூடவே சிரிப்பும் வந்துவிடும். விறைத்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைகூட இதற்குத் தப்ப மாட்டான். ஒன்பது வருஷ வீடியோத் தொழிலில் அவளாகக் கண்டுபிடித்த சூட்சுமம் இது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கர்வத்தோடுதான் லிட்டில் அந்தமானுக்குக் கப்பல் ஏறினாள். அங்கே ஹட் பேயில் அலைச்சறுக்கு முகாம் நடத்தும் நந்தகுமார் அவளை விளம்பரப் படத்துக்காகக் கூப்பிட்டிருந்தார். "போன தடவை வந்தவன் வானத்துல இருந்து எடுத்துட்டுப் போயிட்டான் மேடம். எறும்பு நீந்துற மாதிரி இருக்கு. எனக்கு முகம் தெரியணும்" என்றார்.

"முகம் எடுக்கறதுதான் சார் என் வேலையே" என்றாள் நளினி.

அவள் கையில் இருந்த அனுமதிக் கடிதத்தில், ட்ரோனை ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. படித்தாள், படிக்காமல் இல்லை. கல்யாண மண்டபத்தில் யார் தலைக்கு மேல்தான் பறக்கவிடவில்லை என்று நினைத்துக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முகாமின் வழிகாட்டி ஜெனிஷ். இருபத்தெட்டு வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்த குடும்பம், ஆனால் அவன் பிறந்தது ஹட் பேயில்தான். அலையேறுகிறவர்களைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவரும் டிங்கிப் படகு அவன் மாமனார் செபஸ்தியானுடையது. ஜெனிஷின் மனைவி ஆக்சிலியா முகாமில் சமையல். ஆக மொத்தம் குடும்பமே அந்த அலையை நம்பித்தான் இருந்தது.

முதல் நாள் காலை, சென்னையிலிருந்து வந்த நான்கு பேரை மணலில் உட்கார்த்தி ஜெனிஷ் பாடம் சொன்னான். "அடியில பார் இருக்கு. பவளப்பாறை, பிளேடு மாதிரி கிழிக்கும். அடிபட்டாலோ, பலகையையும் காலையும் சேத்துக் கட்டுன கயிறு பார்ல சிக்கிக்கிட்டாலோ ஒத்தக் கைய நேரா மேல தூக்குங்க. மாமா டிங்கியக் கொண்டு வந்துருவாரு."

நளினி உடனே தன் பாடத்தை எடுத்துவிட்டாள். "ட்ரோன் உங்க மேல வந்தா எல்லாரும் கை காட்டணும், சரியா? சிரிச்ச முகமா!"

ஜெனிஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, வேற என்ன வேணா செய்யச் சொல்லுங்க. கை மட்டும் வேண்டாம்க்கா. இங்க அது வேற."

"அட போப்பா! ஆட்டுனா டாடா, ஆட்டலைன்னா ஆபத்து. இதுகூடத் தெரியாதா எனக்கு? நான் உங்களப் பாத்துக்கிட்டேதானே இருக்கப் போறேன். உனக்கு ஒண்ணுன்னா இந்தத் தீவுலயே முதல்ல எனக்குத்தான் தெரியும்."

நந்தகுமாரும் சேர்ந்துகொண்டார். "ரெண்டு நாள்தானே ஜெனிஷ், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." சம்பளம் கொடுக்கிறவர் சொன்ன பிறகு அவன் என்ன பேசுவான்? சரி சார் என்று போய்விட்டான்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, படம் அருமையாக வந்தது. ட்ரோன் தலைக்கு மேல் வந்தால் நான்கு பேரும் கை காட்டினார்கள், கண்டபடி சிரித்தார்கள். எல்லோரையும்விடக் குஷியானவர் செபஸ்தியான்தான். ஐம்பத்தைந்து வயது மனிதர், ட்ரோன் சத்தம் கேட்டால் போதும், டிங்கியில் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். கரைக்கு வந்ததும் ஓடி வந்து கேட்டார். "மேடம், எம் மூஞ்சி விழுந்துச்சா?"

"விழுந்துச்சுண்ணே. ஹீரோ மாதிரி இருக்கீங்க."

"அரே பாப்ரே! ஏட்டி ஆக்சிலியா, கேட்டியா? உங்கப்பன் ஹீரோவாம்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். முகாமே சிரித்தது.

இரண்டாம் நாள் அலை பெரிதாகிவிட்டது. ஜெனிஷ் கரையில் நின்று கால் மணி நேரம் பார்த்தான். கெஸ்ட் யாரும் இறங்க வேண்டாம் என்றான். நந்தகுமாருக்கோ இப்படி ஓர் அலையை விட மனசில்லை. "நீ மட்டும் போய் நாலு அலை எடு. விளம்பரத்துக்கு இதுதான் மெயின் ஷாட்" என்றார். நான்கு பேரும் வேடிக்கை பார்க்க டிங்கியில் ஏறிக்கொண்டார்கள். பாருக்கு இடையில் அலை உடையாத ஆழ வாய்க்கால் பக்கம் செபஸ்தியான் எஞ்சினை ஓடவிட்டபடியே டிங்கியை நிறுத்திக்கொண்டார்.

நளினி மணலில் குடைக்கு அடியில் உட்கார்ந்து ட்ரோனை ஏற்றினாள். ரிமோட்டில் மாட்டியிருந்த போனில் வெயில் அடித்ததால் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தாள். ஜெனிஷ் இரண்டு அலையை வெண்ணெயாக வழித்தெடுத்து வந்தான். மூன்றாவதில் விழுந்தான். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நுரை அடங்கியதும் தலை தெரிந்தது. அடுத்த விநாடி கை மேலே வந்தது.

"ஆங், அப்படித்தான்! சமத்து!" என்றாள் நளினி. விழுந்த பிறகும் கை காட்டுகிறானே, இதைவிட நல்ல ஷாட் எங்கே கிடைக்கும்? ட்ரோனை அவன் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பத்து மீட்டரில் நிறுத்தினாள். முகம் தெரியவில்லை. ஐந்துக்கு இறக்கினாள். அப்போதும் தெரியவில்லை. "மேல பாருடா, மேல பாரு, சிரி" என்று முனகிக்கொண்டே மூன்றுக்குக் கொண்டுவந்தாள்.

இந்த மூன்று என்பது எங்கிருந்து மூன்று? அவள் ட்ரோனை ஏற்றிய மணலிலிருந்து மூன்று. கீழே கடல் எழும்பினால் அந்த எந்திரம் கூடவே எழும்பாது, சொன்ன இடத்திலேயே நிற்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒன்பது வருஷமாகத் தரையின் மேல் பறக்கவிட்ட கை அவளுடையது. மண்டபத்துத் தரை ஒருநாளும் எழும்பியதில்லை.

கடல் எழும்பியது. பின்னாலிருந்து வந்த அலை ஜெனிஷை அப்படியே தூக்கியது. திரையில் ஒரு உள்ளங்கை பெரிதாக, இன்னும் பெரிதாக வந்தது. பிறகு எல்லாம் கலங்கல், பிறகு வெறும் சாம்பல் நிறம்.

நளினி டிங்கியோடு பேச வைத்திருந்த வாக்கி-டாக்கியை எடுத்துக் கத்தினாள். "அண்ணே! ட்ரோன் விழுந்துருச்சு! ஓடுங்கண்ணே, சீக்கிரம் போய் ட்ரோன எடுங்க!"

ட்ரோனை எடுக்கத்தான் செபஸ்தியான் டிங்கியை விரட்டினார். ட்ரோன் அங்கே இல்லை. ஜெனிஷின் பலகை மட்டும் தண்ணீரில் குத்துக்கல்லாக நட்டமாய் நின்றது. கயிறு அடியில் இழுபட்டு, ஆள் கீழே கிடந்தால்தான் பலகை அப்படி நிற்கும். செபஸ்தியானுக்கு அது தெரியும். மீன் வெட்டும் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்தார். கயிறு பாரில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அறுத்து, மருமகனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். உயிர் இருந்தது. வலது உள்ளங்கை பிளந்து கிடந்தது.

ஹட் பே ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி, சாயங்காலத்துக்குள் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். ஆக்சிலியா கூடப் போனாள். ட்ரோனின் இறக்கை மூன்று விரலுக்கான நரம்பை வெட்டிவிட்டது, விரல் மடங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும், தலையில் பார் இடித்ததில் விழுந்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. மறுநாள் காலை போனில் வந்த செய்தி இதுதான்.

மறுநாள் காலைக்குள் இன்னொன்றும் முடிவாகிவிட்டது. ஜெனிஷ் கேமராவுக்கு ஷோ காட்டினான், கையை நீட்டி ட்ரோனைப் பிடிக்கப் போனான் என்று. முதலில் சொன்னது யார் என்று தெரியாது. சென்னைக்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். நந்தகுமாருக்கு அது வசதியாகப் போயிற்று. கப்பல் ஜெட்டியில் வழியனுப்ப வந்தவர் நளினியிடம் சொன்னார்: "கைடே இப்படி விளையாடினா கெஸ்ட் யாரை நம்புவாங்க மேடம்? கை சரியானாலும் இனி ஜெனிஷ் வேண்டாம். வேற ஆள் பாத்துட்டேன்."

வாய்க்காரி என்று பேரெடுத்த நளினி, அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டாள்.

கப்பல் கரை தாண்டியதும் மேல்தளத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். ட்ரோன் கடலோடு போனாலும் அது அனுப்பிய படத்தின் மட்டமான நகல் ஒன்று போனில் தங்கும். அதைத் திறந்தாள். நாற்பத்தொரு விநாடி.

ஜெனிஷின் கை நேராக நின்றது. நாற்பத்தொரு விநாடியில் ஒரு தரம்கூட ஆடவில்லை. இடது கையால் தண்ணீரை அடித்து அடித்து மிதக்கப் பார்த்தான். ஒவ்வோர் அலைக்கும் வாய்வரை முங்கி, திரும்ப எழும்பி, மறுபடி அதே கையைத் தூக்கினான். காலிலிருந்து பாருக்குப் போன கயிறு விறைத்துக் கிடந்ததுகூடத் தெரிந்தது. சின்னப் பிள்ளையிடம் காட்டினாலும் சொல்லிவிடும். இதை அவள் நேரடியாக, கண் முன்னால், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தாளே! சிரி, சிரி என்று சொல்லிக்கொண்டு இருந்தாளே! எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

திரும்ப வந்து இரண்டாம் முறை போட்டபோதுதான் திரையின் மேல் மூலையைக் கவனித்தாள். நீல டிங்கி. நான்கு பேர் கை ஆட்டினார்கள். நடுவில் செபஸ்தியான் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், சாயா குடிங்க."

நளினி போனைக் கவிழ்த்தாள். செபஸ்தியான்தான். மருமகனைப் பார்க்க அதே கப்பலில் வந்திருந்தார். காகிதக் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்துல இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல போல. மனசுல வச்சுக்கிடாதீங்க மேடம். எங்க மாப்ளைக்குக் கொஞ்சம் ஷோக்கு ஜாஸ்தி. உங்க மிஷினு போயிட்டு, அவன் கையும் போயிட்டு. நான் பொண்ணக் குடுத்தவன், என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"பின்ன எப்படிச் சொல்ல? ஒழுங்கா வேலையப் பாக்காம கேமராவுக்கு ஆட்டம் போட்டான்லா. இப்ப வேலையும் போச்சு. எம் பொண்ணு ஒருத்தி சமைச்சு எத்தன நாளைக்கு ஓட்டுவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சிக்னல் இருக்கும்போதே சுதாகர் கூப்பிட்டான். நளினியின் கணவன், துறைமுகத்தில் கிளார்க். எல்லாவற்றையும் சொன்னாள்.

"டெலீட் பண்ணு" என்றான் அவன். "அந்தப் பையனுக்கே ஞாபகம் இல்லைங்கிற. தலைக்கு மேல கொண்டு போகாதன்னு பர்மிஷன்லயே இருக்கு. இது வெளிய வந்தா உன் லைசென்ஸ் காலி, கேஸும் ஆகும். அவ்வளவுதான், டெலீட் பண்ணிட்டு வீட்டுக்கு வா. புரோத்ராபூர் பஸ்ஸுக்குக் காத்திருக்காத, நானே ஜெட்டிக்கு வர்றேன்."

"அவனுக்கு வேலை போச்சுங்க."

"உனக்குப் போகணுமா?"

பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

மீதி நேரம் முழுக்க அந்த நாற்பத்தொரு விநாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழிப்பதற்கு விரல் மூன்று தரம் போயிற்று. கடைசியில் அழிக்க முடியாது என்று ஆனதும் இன்னொரு யோசனை வந்தது. மேல் மூலையை வெட்டிவிடலாம். கல்யாண வீடியோவில் சண்டைக்கார மாமா, போதையில் ஆடும் சித்தப்பா என்று வேண்டாத ஆட்களை வெட்டுவது அவளுக்கு அன்றாட வேலை. ஒரு நிமிஷம் போதும், டிங்கி போய்விடும், ஜெனிஷும் அவன் கையும் மட்டும் மிச்சம். செபஸ்தியான் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டுமே.

அவள் வெட்டவில்லை. வெட்டினால் போலி என்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். மீதி என்னவென்றால், ஜெனிஷின் ஆஸ்பத்திரி அறையில் தான் ஒருத்தி மட்டும் குற்றவாளியாக நிற்கப் பயந்தாள். கூட இன்னோர் ஆள் நிற்கட்டும் என்று ஒரு அற்ப ஆசை. அவளுக்கே அது தெரிந்தது, தெரிந்தும் விட்டுவிட்டாள்.

கப்பல் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பேயில் ஒதுங்கும்போது சிக்னல் திரும்ப வந்தது. தைரியம் போய்விடும் முன்னால் படத்தை நந்தகுமாருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'ஜெனிஷ் ஷோ காட்டவில்லை. உதவி கேட்டான். நான்தான் கை காட்டச் சொல்லி வைத்திருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.' ஜெட்டியில் பைக்கோடு நின்ற சுதாகரிடம், "அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் செபஸ்தியானோடு ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜெனிஷ் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டுக் கம்பியில் தொங்கியது. ஆக்சிலியா ஸ்டூலில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். நளினியைப் பார்த்ததும் அவன் நிமிரப் பார்த்தான்.

"அக்கா, ஸாரிக்கா. உங்க ட்ரோன் போச்சாமே. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. ஏன் அப்படிச் செஞ்சேன்னே தெரியல."

"கேமராவக் கண்டா இவனுக்குக் கை தானாத் தூக்கும்" என்று செபஸ்தியான் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"அண்ணே, பேசாம இருங்க!" நளினியின் குரலில் அடுத்த கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "ஜெனிஷ், நீ ஸாரி சொல்லாத. நீ ஒண்ணும் செய்யல. இதப் பாரு."

மூன்று பேரும் போனுக்கு மேல் குனிந்தார்கள். நளினி பார்க்கவில்லை, அவர்கள் முகத்தை மட்டும் பார்த்தாள். ஆக்சிலியாவின் கையில் இட்லி அப்படியே நின்றது. படம் முடிந்ததும் ஜெனிஷ் நிதானமாக மூச்சை விட்டான்.

"நான் கூப்பிட்டிருக்கேன்" என்றான். குரலில் அப்படி ஒரு ஆறுதல். "ஆக்சிலி, பாத்தியா? நான் விளையாடல. கூப்பிட்டிருக்கேன்."

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களாக்கா?" என்றாள் ஆக்சிலியா.

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். டாடா காட்டுறான்னு நெனச்சேன். கீழ கொண்டு வந்ததும் நான்தான். நந்தகுமார்கிட்டச் சொல்லிட்டேன். கேட்டா போலீஸ்லயும் சொல்லுவேன்."

ஆக்சிலியா அவளை அறைந்துவிடுவாள் என்றுதான் நளினி எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் செபஸ்தியான் போனைக் கேட்டார்.

"இன்னொரு தரம் போடுங்க."

போட்டாள். அவர் திரையை முகத்தருகே வைத்துப் பார்த்தார். பிறகு மேல் மூலையில் விரலை வைத்தார்.

"இது நம்ம டிங்கி."

விரலை எடுக்காமலே நிமிர்ந்து நளினியைப் பார்த்தார்.

"நிக்கது நாந்தானே?"

"ஆமாண்ணே" என்றாள் நளினி.

மூன்றாம் முறை அவரே தொட்டுப் போட்டுக்கொண்டார். பார்த்து முடித்து, கட்டிலின் இடது பக்கமாக வந்து நின்றார். "மாப்ள, நீ ட்ரோனப் பாக்கவே இல்லல. ஒரு தரங்கூட மேல பாக்கல. என்னையப் பாத்துத்தான் தூக்கியிருக்க. கூப்பிட்டா கேக்குற தூரம். ஒத்தக் கைன்னா என்னன்னு தெரிஞ்சவந்தான நான்? உனக்கு ரெண்டு கையாலயும் டாடா காட்டியிருக்கேம்ல."

"விடுங்க மாமா. நீங்கதானே தூக்குனீங்க."

"நான் உன்னைய எடுக்க வரல மாப்ள. ட்ரோன எடுக்க வந்தேன்."

பெரிய மனிதர், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜெனிஷ் இடது கையை நீட்டி அவர் தோளைத் தொடப் பார்த்தான், எட்டவில்லை.

ஆக்சிலியா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனை நளினியிடம் நீட்டினாள். கத்தவில்லை.

"கல்யாண வீடியோல நீங்க ஆள வெட்டுவீங்கதானக்கா? உங்க பங்க மட்டும் காட்டியிருக்கலாமே. அப்பா இருக்கத வெட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள் நளினி.

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.